பாலிப்பின் அக்கம்பக்கம்

பெருங்குடல் புற்றுநோய் எப்படித் தொடங்குகிறது என்று கேட்டால், மருத்துவப் பாடநூலும் ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன. குடலின் உட்சுவரில் ஏதோ ஒரு செல்லில் ஏபிசி என்ற மரபணு பழுதாகிறது. அந்தச் செல் பெருகிச் சிறு பாலிப் ஆகிறது. அடுத்து கே-ராஸ் பழுதாக, பாலிப் பருக்கிறது. கடைசியில் டிபி53 போய்விட, பாலிப் புற்றாகிறது. 1990-இல் எரிக் ஃபியரோனும் பெர்ட் வோகல்ஸ்டீனும் ‘செல்’ ஆய்விதழில் வரைந்து காட்டிய இந்தப் படிக்கட்டு 35 ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. 2015-இல் வோகல்ஸ்டீனும் கிறிஸ்டியன் டோமசெட்டியும் ‘சயன்ஸ்’ இதழில் இன்னும் ஒரு எட்டு முன்னே போனார்கள். உறுப்புக்கு உறுப்பு புற்றுநோய் வாய்ப்பு வேறுபடுகிறதே, அந்த வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை, ஸ்டெம் செல்கள் வாழ்நாளில் எத்தனை முறை பிளவுபடுகின்றன என்ற ஒரே கணக்கைக் கொண்டு விளக்கிவிடலாம் என்றார்கள். பத்திரிகைகள் அதையும் திரித்து, மூன்றில் இரண்டு புற்றுநோய்கள் வெறும் துரதிர்ஷ்டம் என்று எழுதித் தள்ளின. ஆய்வாளர்கள் சொன்னது அதுவல்ல. ஆனாலும் அப்படிப் புரிந்துகொள்ள இடம் கொடுத்தது, எல்லாமே ஒரு செல்லுக்குள் நடக்கிறது என்ற அந்தப் பழைய எண்ணம்தான்.

படிக்கட்டில் உள்ள எந்தப் படியும் பொய்யல்ல. ஏபிசி, கே-ராஸ், டிபி53 மூன்றும் பெருங்குடல் கட்டிகளில் மீண்டும் மீண்டும் பழுதாகிக் கிடப்பதை ஆயிரக்கணக்கான மாதிரிகளில் பார்த்துவிட்டார்கள். நான் மறுப்பது அந்தப் படத்தில் இல்லாமல் போனவற்றைப் பற்றிய எண்ணத்தை. பிறழ்ந்த செல்லைச் சுற்றியுள்ள இணைப்புத் திசு, அதில் குடியிருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள், நோய் எதிர்ப்பு அணுக்கள், சளிப்படலம், அதற்கு அப்பாலுள்ள பாக்டீரியாக்கள் ஆகிய எல்லாமே கட்டி வளர்ந்த பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும் பக்கவாத்தியங்கள் என்றுதான் பொதுவாகச் சொல்லித்தருகிறார்கள். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. பிறழ்ந்த செல்களில் எது பிழைக்கும், எது சுவடின்றி மறையும், எது பாலிப் ஆகும் என்பதைத் தொடக்கத்திலிருந்தே பெருமளவுக்குத் தீர்மானிப்பது அந்த அக்கம்பக்கம்தான்.

பிறழ்வுகளின் எண்ணிக்கையிலிருந்தே தொடங்கலாம். பெருங்குடலின் உட்சுவர் ஒரு கோடிக்குக் குறையாத நுண்குழிகளால் ஆனது, கிரிப்ட் என்பார்கள். ஒவ்வொரு கிரிப்டின் அடியிலும் ஒரு சில ஸ்டெம் செல்கள் உட்கார்ந்து மேலே உள்ள செல்கள் அத்தனையையும் ஓயாமல் உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன. இங்கிலாந்தின் சேங்கர் ஆய்வு நிறுவனக் குழு 42 பேரின் நலமான கிரிப்டுகளைத் தனித்தனியே வெட்டியெடுத்து மரபணு வரிசையைப் படித்து, 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. நடுத்தர வயதினரின் கிரிப்டுகளில் ஏறத்தாழ 100-க்கு 1, புற்றுநோயைத் தூண்டவல்ல பிறழ்வு ஒன்றை ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்தது. ஒரு கோடியில் 1 சதவீதம் என்றால் ஒரு லட்சம். ஐம்பது, அறுபது வயதில் குடலில் ஒரு தொந்தரவும் இல்லாமல் நடமாடும் மனிதருக்குள் ஒரு லட்சம் கிரிப்டுகள் படிக்கட்டின் முதல் படியில் ஏறி நிற்கின்றன. மேற்கு நாடுகளில்கூட வாழ்நாள் முழுவதிலும் 100 பேரில் ஏறத்தாழ 4 அல்லது 5 பேருக்குத்தான் இந்தப் புற்றுநோய் வருகிறது. மீதிப் பேரின் லட்சம் கிரிப்டுகள் என்ன ஆயின? ஒரு பிறழ்வு போதாது, மூன்று நான்கு வேண்டும் என்பது வழக்கமான பதில். சரி. ஆனால் 2016-இல் அதே இதழில் வந்த ஆய்வு ஒன்று இந்தப் பதிலை ஆட்டிவிடுகிறது. சிறுகுடல், பெருங்குடல், கல்லீரல் மூன்றின் ஸ்டெம் செல்களும் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 பிறழ்வுகள் என்ற ஒரே வேகத்தில்தான் சேர்க்கின்றன என்று அது காட்டியது. சிறுகுடலில் புற்றுநோய் அபூர்வம், பெருங்குடலில் சர்வசாதாரணம். செல் ஒன்றுக்குப் பிறழ்வு சேரும் வேகம் ஒன்றாக இருக்க, விளைவு இவ்வளவு தூரம் விலகுகிறது என்றால், செல்லின் டிஎன்ஏவை மட்டும் துருவிக்கொண்டிருப்பதால் முழு விடை கிடைக்காது.

மனிதரிடமே கிடைத்த இன்னொரு சான்று இதைவிட அழுத்தமானது என்பேன். லின்ச் நோய்க்கூறு உள்ளவர்கள், டிஎன்ஏ பிழைதிருத்தும் மரபணு ஒன்றின் பழுதான பிரதியோடு பிறக்கிறார்கள். நல்ல பிரதியும் போய்விட்டால் அந்தச் செல்லில் பிழைகள் மளமளவென்று குவியும். 2012-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இவர்களுடைய குடலின் இயல்பான பகுதிகளை நுண்ணோக்கியில் தேடியபோது, பிழைதிருத்தும் புரதம் முற்றிலும் இல்லாமல் போன கிரிப்டுகள் அங்கங்கே இருந்தன. பார்வைக்கு அவை பக்கத்துக் கிரிப்டுகளைப் போலவே இருந்தன. இரண்டாவது அடி விழுந்துவிட்டது. கட்டி மட்டும் இல்லை. இத்தகைய கிரிப்டுகளின் எண்ணிக்கை, இவர்களுக்கு வாழ்நாளில் வரும் ஓரிரு புற்றுநோய்களைவிடப் பல மடங்கு அதிகம். பழுதான செல் உண்டாக்கும் விசித்திரப் புரதத் துணுக்குகளை, நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான டி செல்கள் அடையாளம் காணவல்லவை என்பதும் தெரிந்த செய்தி. இந்தக் கிரிப்டுகளில் பல டி செல்களின் கண்காணிப்பால் அடங்கிக் கிடக்கின்றன என்று கருதுவதற்கு இங்கே நல்ல முகாந்திரம் இருக்கிறது. அதே வகைப் பிழைதிருத்தக் குறைபாடு கொண்ட மலக்குடல் புற்றுநோயாளிகள் 12 பேருக்கு நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் டோஸ்டார்லிமாப் என்ற நோய் எதிர்ப்பு மருந்து மட்டும் கொடுத்தபோது, 12 பேரிடமும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தது. 2022-இல் வெளியான முடிவு அது. முற்றிய கட்டியையே டி செல்கள் கரைக்கும் என்றால், பத்து இருபது செல்கள் அளவில் இருக்கும்போது அவை சும்மா இருந்தன என்று நினைக்கக் காரணமில்லை.

எதிர்ப்பு அணுக்களும் இணைப்புத் திசுவும் வெறும் காவலாளிகள் அல்ல, தாங்களே கெட்டுப்போனால் கட்டியை உண்டாக்கவும் கூடியவை என்பதற்கான ஆதாரம் மறுக்க முடியாதது. ஸ்மாட்4 என்ற மரபணு பெருங்குடல், கணையப் புற்றுநோய்களில் அடிக்கடி காணாமல் போகும் ஒன்று. 2006-இல் ‘நேச்சர்’ வெளியிட்ட சோதனையில் அதை எலியின் குடல் உட்சுவர்ச் செல்களிலிருந்து மட்டும் நீக்கினார்கள், புற்றுநோய் வரவில்லை. டி செல்களிலிருந்து மட்டும் நீக்கினார்கள். குடல்பாதை நெடுகக் கட்டிகள் முளைத்தன. கட்டியாக வளர்ந்த செல்லில் அந்த மரபணு நலமாகவே இருந்தது, கெட்டது பக்கத்தில் இருந்த டி செல். பாய்ட்ஸ்-ஜெகர்ஸ் நோய்க்கூறும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. எல்கேபி1 மரபணுவின் பழுதால் குடலெங்கும் பாலிப்கள் வரும் பரம்பரை நோய் அது. எலிகளில் அந்த மரபணுவை இணைப்புத் திசு வழிவந்த மென்தசைச் செல்களில் மட்டும் பழுதாக்கினாலே பாலிப் வருகிறது என்று 2008-இலும், டி செல்களில் மட்டும் பழுதாக்கினாலும் வருகிறது என்று 2018-இலும் காட்டிவிட்டார்கள். ஒரு செல் கதையை நம்புகிறவர்கள் இந்தச் சோதனைகளைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கிரிப்டின் அடியை இன்னும் சற்று நெருங்கிப் பார்த்தால் இதன் சூட்சுமம் புரியும். ஸ்டெம் செல் தன் குணத்தால் மட்டும் ஸ்டெம் செல்லாக இருப்பதில்லை. கிரிப்டின் அடியைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுச் செல்கள் கிரெம்லின் என்ற புரதத்தைச் சுரந்து, செல்களை முதிரச் சொல்லும் பிஎம்பி சமிக்ஞையை அங்கே மட்டும் தடுத்துவைக்கின்றன. மேலே ஏறும் செல், கிரெம்லின் எட்டாத இடத்துக்கு வந்ததும் முதிர்ந்து, சில நாளில் உதிர்ந்துவிடும். பரம்பரைக் கலப்புப் பாலிப் நோயில், கிரெம்லின் மரபணுவுக்கு அருகே ஒரு டிஎன்ஏ துண்டு இரட்டித்துப்போவதால் உட்சுவர்ச் செல்களே அந்தப் புரதத்தைச் சுரக்கத் தொடங்கிவிடுகின்றன. விளைவு, மேலே போய் உதிர வேண்டிய செல்கள் மேலேயே தங்கி, கண்ட இடத்தில் புதுக் கிரிப்டுகளைக் கட்டி, பாலிப் ஆகின்றன. எங்கே முதிர்வது, எங்கே பெருகுவது என்று சொல்லும் அக்கம்பக்கத்தின் குரல் தவறான இடத்திலிருந்து கேட்கிறது. அதுவே முதல் கோளாறு. பரம்பரை நோய் இல்லாத எலிகளின் கதையிலும் ஃபைப்ரோபிளாஸ்ட் முன்வரிசையில் நிற்கிறது. கிரிப்டைச் சுற்றியுள்ள ஒரு சிறு கூட்டம் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் காக்ஸ்-2 நொதியைக் கொண்டு புரோஸ்டாகிளாண்டின் இ2 சுரக்கின்றன. அதைப் பெற்ற ஸ்டெம் செல்கள் கட்டி தொடங்குவதற்கேற்ற நிலைக்கு மாறுகின்றன. அந்த நொதியை ஃபைப்ரோபிளாஸ்ட்டில் மட்டும் நீக்கினால் கட்டிகள் குறைகின்றன என்று 2020-இல் காட்டினார்கள். இங்கே பேச்சு கட்டியின் வளர்ச்சியைப் பற்றியதல்ல, தொடக்கத்தைப் பற்றியது.

எல்லாம் எலி ஆய்வுதானே என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் இந்த நொதியைப் பொறுத்தவரை மனிதச் சான்று எலிக்கு முன்பே வந்துவிட்டது. ஏபிசி பழுதோடு பிறந்து குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் உள்ளவர்களுக்கு, காக்ஸ் நொதியைத் தடுக்கும் சுலிண்டாக் மாத்திரை கொடுத்தபோது பாலிப்கள் எண்ணிக்கையிலும் அளவிலும் சுருங்கின. 1993-இல் வந்த முடிவு அது. மாத்திரை ஏபிசியைச் சரிசெய்யவில்லை. செல்லின் பிறழ்வு அப்படியே இருக்க, பாலிப் சிறுத்தது. லின்ச் நோய்க்கூறு உள்ள 861 பேரிடம் நடந்த கேப்2 சோதனையில் தினமும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 9 சதவீதம் பேருக்கும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 13 சதவீதம் பேருக்கும் பிற்பாடு பெருங்குடல் புற்றுநோய் வந்தது. இதற்கு எதிராக ஆஸ்ப்ரீ சோதனையை எடுத்துப்போடுவார்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் 70 வயதைத் தாண்டிய 19,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த அதில் ஆஸ்பிரின் புற்றுநோயைத் தடுக்கவில்லை. புற்றுநோய் மரணம் சற்றுக் கூடவும் செய்தது. இதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சோதனை ஐந்தாண்டைக்கூட எட்டவில்லை. கேப்2-இலோ பலன் தெரியவே ஆண்டுகள் பிடித்தன. அக்கம்பக்கம் தொடக்கத்தில்தான் முடிவு செய்கிறது என்றால், எழுபது வயதில், கட்டிகள் ஏற்கெனவே வேரூன்றிய குடலில் அதை மாற்றிப் பலன் தேடுவது காலங்கடந்த முயற்சி. ஆஸ்ப்ரீயின் முடிவு என் வாதத்தோடு மோதவில்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் தானாக ஆஸ்பிரின் விழுங்கத் தொடங்க வேண்டாம், இரைப்பையில் ரத்தக் கசிவு விளையாட்டல்ல. காக்ஸ்-2 தடுப்பு மருந்தான ரோஃபிகாக்ஸிப், பாலிப் தடுப்புச் சோதனை ஒன்றில் மாரடைப்பைக் கூட்டியது தெரிந்து 2004-இல் சந்தையிலிருந்தே போனது.)

பிறழ்வுகளின் வரிசைகூடச் செல்லின் சொந்த விதி அல்ல. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற நாட்பட்ட குடல் அழற்சி உள்ளவர்களுக்கு வரும் புற்றுநோயில் படிக்கட்டு தலைகீழாகிறது. டிபி53 முதலில் போகிறது, ஏபிசி கடைசியில் போகிறது அல்லது போவதே இல்லை. ஏன் என்பதற்கு 2013-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த எலி ஆய்வு விடை வைத்திருக்கிறது. ஒரே கிரிப்டுக்குள் பிறழ்ந்த ஸ்டெம் செல்லும் நலமான ஸ்டெம் செல்லும் இடத்துக்குப் போட்டியிடுவதை அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். ஏபிசி பழுதான செல்கூடப் பல நேரம் நலமான அண்டைச் செல்லிடம் இடத்தை இழந்து மறைந்தது. பிறழ்ந்த டிபி53 உள்ள செல்லுக்கோ சாதாரணக் குடலில் எந்த அனுகூலமும் இல்லை. அழற்சி உள்ள குடலில்தான் அது முந்தியது. ஒரே பிறழ்வு ஓரிடத்தில் வெறும் தழும்பு, இன்னோரிடத்தில் ஆயுதம். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை: அழற்சிக் குடலில் வெல்லும் செல் எல்லாம் புற்றாவதும் இல்லை. 2020-இல் ஜப்பானிய, ஆங்கிலேய ஆய்வாளர்கள் கொலைட்டிஸ் நோயாளிகளின் குடலில் பரந்து விரிந்திருந்த பிறழ்ந்த செல் கூட்டங்களைக் கண்டார்கள். பல கூட்டங்களில் ஐஎல்-17 என்ற அழற்சிச் சமிக்ஞைக்குப் பதிலளிக்கும் மரபணுக்கள் பழுதாகியிருந்தன. அந்தப் பழுதுகள் புற்றுநோய்க் கட்டிகளில் அரிதாகவே காணப்பட்டன. அழற்சியைத் தாங்கத் தெரிந்த செல் புற்றுக்கு லாயக்கற்றதாகவும் இருக்கலாம். சூழல் வளர்க்கவும் செய்கிறது, வழிமாற்றவும் செய்கிறது.

பெரும்பாலான நோயாளிகளுக்குக் கொலைட்டிஸே இல்லையே என்று கேட்பார்கள். உண்மைதான். அதற்காக அழற்சி இல்லை என்றாகாது. 2012-இல் வந்த ஒரு எலி ஆய்வில், ஏபிசி பழுதால் உண்டான சின்னஞ்சிறு பாலிப்பின் (அடினோமா) மேல் சளிப்படலமும் செல்களுக்கு இடையிலான இறுக்கமும் ஆரம்பத்திலேயே குலைந்திருந்தன. அந்த ஓட்டை வழியே பாக்டீரியாப் பொருள்கள் உள்ளே கசிந்து, ஐஎல்-23, ஐஎல்-17 என்ற அழற்சிச் சங்கிலியை மூட்டின. அந்தச் சங்கிலியை அறுத்தால் கட்டி குறைந்தது. கட்டிதான் அழற்சியை வரவழைத்தது, ஆகவே கட்டிதான் முதல் காரணம் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் அழைத்த அழற்சி வராவிட்டால் கட்டி அந்த அளவுக்கு வளர்வதில்லை என்பதும் அதே சோதனையின் முடிவு. உணவைப் பற்றிய ஒரு மனித ஆய்வும் இங்கே பொருத்தம். ஆப்பிரிக்க அமெரிக்கர் 20 பேருக்கும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேருக்கும் இரண்டே வாரம் உணவை மாற்றிக் கொடுத்தார்கள். நார்ச்சத்து மிகுந்த கிராம உணவு அமெரிக்கர்களுக்கு, கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த உணவு கிராமத்தவர்களுக்கு. 2015-இல் வெளியான முடிவில், உட்சுவர்ச் செல்கள் பெருகும் வேகமும் அழற்சிக் குறிகளும் இரு பக்கமும் தலைகீழாக மாறியிருந்தன. இரண்டு வாரத்தில் யாருடைய பிறழ்வுக் கணக்கும் மாறியிருக்காது.

எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம் அந்த ஏபிசி பரம்பரை நோய்தான். ஒரே மரபணு பழுதானால் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பாலிப். குடலை அகற்றாவிட்டால் புற்றுநோய் ஏறத்தாழ நிச்சயம். இதைவிடப் பிறழ்வுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? ஏபிசி இல்லாமல் இந்தக் கதை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். புற்றுநோய் செல்லின் நோயே அல்ல, திசுவின் நோய் மட்டுமே என்று அடித்துப் பேசும் ஒரு சிறு முகாமோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த நோயாளிகளின் உடலில் ஒவ்வொரு செல்லும் முதல் பழுதைச் சுமக்கிறது; பாலிப் ஆவது ஆயிரங்களில், புற்றாவது அவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆண் குரோமோசோம் உள்ள செல்களும் அது இல்லாத செல்களும் கலந்த உடலோடு பிறந்த ஒரு நோயாளியின் பாலிப்களை 1996-இல் ஆராய்ந்தபோது, 76 சதவீத நுண்பாலிப்கள் ஒரே செல்லிலிருந்து வந்தவை அல்ல, பல செல்களின் கூட்டு என்று தெரிந்தது. 2024-இல் ‘நேச்சர்’ வெளியிட்ட இரு ஆய்வுகளும், தொடக்க நிலைக் கட்டி பல வம்சங்களின் கூட்டாக இருந்து பிறகுதான் ஒற்றை வம்சமாகச் சுருங்குகிறது என்பதை உறுதிப்படுத்தின. ஒரே செல்லின் வம்சம் என்பது முற்றிய கட்டியைப் பார்த்து, பின்னோக்கி ஊகித்த கதை.

இதெல்லாம் ஆய்வக வாதமாகவே நின்றுவிட்டால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். சிடி ஸ்கேனில் 6 முதல் 9 மில்லிமீட்டர் வரையிலான பாலிப்களை எடுக்காமல் கண்காணித்த ஓர் ஆய்வு 2013-இல் வந்தது. 22 சதவீதம் வளர்ந்தன, 50 சதவீதம் அப்படியே நின்றன, மீதி 28 சதவீதம் சுருங்கின. எது எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்று நம்மிடம் உள்ளவை பாலிப்பின் அளவு, வடிவம், உட்சுவர்ச் செல்களின் ஒழுங்கீனம் ஆகியவைதான். முற்றிய கட்டியின் விஷயத்தில் பாரிஸின் ஜெரோம் காலோன் குழு, கட்டிக்குள்ளும் அதன் ஓரத்திலும் உள்ள டி செல்களை எண்ணினால் நோய் திரும்புமா என்பதை வழக்கமான நிலைப் பகுப்பைவிட நன்றாகக் கணிக்கலாம் என்று 2006-இலேயே காட்டியது. 2018-இல் 2,681 நோயாளிகளிடம் அது உறுதியானது. பாலிப்புக்கு அதை ஏன் செய்யக்கூடாது? கொலோனோஸ்கோப்பியில் வெட்டியெடுத்த பாலிப் ஏற்கெனவே மெழுகில் பதிந்து, நுண்ணோக்கிக் கண்ணாடியில் சாயம் ஏறிக் கிடக்கிறது. டி செல்லும் ஃபைப்ரோபிளாஸ்ட்டும் அதே துண்டில், அதே கண்ணாடியில் இருக்கின்றன. நோயியல் அறிக்கையில் அவற்றுக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை. ஆய்வுப் பணமோ ரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏவைத் தேடுவதில் கொட்டப்படுகிறது. லட்சம் கிரிப்டுகளில் பிறழ்வு இருக்கும் உடலில், பிறழ்வை மேலும் நுட்பமாகக் கண்டுபிடிக்கும் சோதனை எவ்வளவு தூரம் உதவும் என்று யோசிக்க வேண்டும். பாலிப்பை எடுப்பதை யாரும் நிறுத்தவேண்டாம். அது உயிர் காக்கும் வேலை. எடுத்த பாலிப்பின் கண்ணாடித் துண்டுகளைப் பத்து ஆண்டு பத்திரப்படுத்தி, அக்கம்பக்கத்தையும் எண்ணி எழுதி, அந்த நோயாளிக்கு மறுபடி பாலிப் வந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க நோயியல் துறைகள் முன்வர வேண்டும். அதற்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை.